ஆறுதலாகக் கொடுத்த கடிதம்

கொழும்பில் என் முதல் நாள் தவறான பேருந்தில் தொடங்கியது. புறக்கோட்டையில் ஒரு நடத்துநர் “கொட்டாவ, கொட்டாவ” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் போக வேண்டியது கொட்டாஞ்சேனை. சிங்களத்தில் அதைத்தான் இப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள் என்று நானே முடிவு கட்டி, ஓடிப்போய் ஏறி, ஜன்னலோர இடத்தையும் பிடித்துவிட்டேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

நுகேகொடை வந்தபோது பக்கத்தில் இருந்த பெண்மணி என் கையிலிருந்த முகவரிச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முன் இருக்கைக்காரர் திரும்பி, அதைத் தமிழாக்கினார். “நீங்க கடல் பக்கம் போகணும், காட்டுப் பக்கம் போறீங்களாம். இறங்கச் சொல்றா.” பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேலை அனுபவம் பெற வந்தவன் முதல் நாளே இரண்டு மணி நேரம் தாமதம்.

என் கதை சின்னது. தூத்துக்குடியில் பி.பி.ஏ. முடித்துப் பதினோரு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். பதினொன்றிலும் ஒரே கேள்வி. “எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?” இல்லை என்றதும் முகம் மாறிவிடும். மரியாதைக்கு இன்னொன்றும் கேட்பார்கள். “எடுத்துக்கிட்டா எப்ப சேருவீங்க?” நான் “உடனே சார்” என்பேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அப்பாவின் நண்பர் ஒருவர், கொழும்பில் தனக்குத் தெரிந்த இறக்குமதி நிறுவனத்தில் ஒரு மாதப் பயிற்சிக்கு வழி செய்தார். சம்பளம் இல்லை. முடிவில் ஒரு அனுபவக் கடிதம் தருவார்கள். அந்த ஒற்றைத் தாளுக்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அலுவலகம். குக்கர், தோசைக்கல், பிளாஸ்க் என்று அடுப்படிச் சாமான்களை இறக்குமதி செய்து தீவு முழுக்க அனுப்புகிறவர்கள். படிக்கட்டு முழுக்க அட்டைப்பெட்டி வாசம். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் வதனி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும்.

“வாங்கோ தம்பி. இந்தியாவில இருந்து நேர வந்தனீங்களோ, இல்லாட்டி நடந்து வந்தனீங்களோ?” என்றார். பிறகு எனக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார். பால் இல்லாத தேநீரை எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்போம். இங்கே அதுதான் உபசாரம்.

அவர் எனக்குக் கொடுத்த வேலை கடிதம் கொண்டுபோவது. அந்த அலுவலகத்தில் எதற்கும் கடிதம் உண்டு. லீவுக்குக் கடிதம், இடமாற்றத்துக்குக் கடிதம், கதிரை, அதாவது நாற்காலி, உடைந்ததற்குக்கூடக் கடிதம். ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. வாங்குகிறவர் இரண்டாவது பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். அதைக் கோவை என்கிற ஃபைலில் போட்டால்தான் கடிதம் கொடுத்ததாகக் கணக்கு. “கையெழுத்து விழுந்தா விழுந்ததுதான்” என்றார் வதனி மிஸ். “பிறகு சேர் ஒருத்தற்ற கதையும் கேக்கமாட்டார்.” சேர் என்பது இயக்குநர். கோவையைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர் என்று முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

தங்கியது வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில். காலி வீதி என்கிற பெரிய சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. அங்கே எல்லோரும் எதற்கோ காத்திருந்தார்கள். பக்கத்து அறைக்காரர் வவுனியாவிலிருந்து வந்து விசாவுக்குக் காத்திருந்தார். கொடியில் அவருடைய ஒரே வெள்ளைச் சட்டை எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். தூதரகத்திலிருந்து எப்போது அழைத்தாலும் போட்டுக்கொண்டு போக அதுதான் உடுப்பாம்.

“விசா எப்ப வரும் அண்ணே?” என்று கேட்டேன்.

“அது ஆறுதலா வரும் தம்பி” என்றார்.

பாவம், மனதைத் தேற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாளிலிருந்து ரயில். வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் நின்றால் கடல் காலடியில் இருக்கும். எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், இங்கே சாயங்காலம் கடலில் போய் இறங்குகிறது. ஊரையே யாரோ திருப்பி வைத்துவிட்டது போல இருந்தது. பெட்டிக்குள் ஏறுவதற்குத்தான் உயிர் போகும். ரயிலேறிய முதல் நாளே என் ஒரு செருப்பு மேடையில் நின்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு கோட்டை நிலையத்தில் இறங்கியபோது பின்னால் ஒரு குரல். “நீங்கள்தானே எங்கட ஒஃபிஸுக்குப் புதுசா வந்த இந்தியன்?”

அது தர்ஷினி. கோண்டாவில்காரி. யாழ்ப்பாணத்தில் பட்டம் படித்தவள். நான் படித்த அதே படிப்புதான், அவள் அதை வணிக முகாமைத்துவம் என்றாள். எங்கள் நிறுவனத்தில் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். மாத முடிவில் அது முடிகிறது. நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஒரு கடிதத்தில் இருந்தது.

தினமும் ஒரே ரயிலில் போனோம், வந்தோம். அவள் பேசுவதில் பாதி எனக்கு விளங்காது. விளங்காத சொற்களை ஒரு நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். கெதியா என்றால் சீக்கிரம். பேந்து என்றால் அப்புறம். லாச்சி என்றால் மேசை டிராயர். பகிடி என்றால் கிண்டல். அவளே வாங்கிப் பார்த்து எழுத்துப்பிழை திருத்துவாள்.

“நீங்கள் எல்லாத்தையும் கெதியாத்தான் செய்யிறீங்கள்” என்பாள். “சாப்பாட்டையும் ஓட்டப்பந்தயம் மாதிரி.”

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் என்பதை என் நாக்கு ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. மீன் அடைத்த முக்கோண ரொட்டியான மாலு பாணும் பிடித்துப்போனது. கொத்து ரொட்டியை மட்டும் அந்த ஊர்க்காரர்கள் தாங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. தூத்துக்குடிக்காரனிடமா? இதில் தர்ஷினிக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. மூன்றாம் நாள் ரயில் வேலைநிறுத்தம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோது “மிதிபலகையில கால் வைக்க இடம் தந்தா உங்கட ஊர்தான் கண்டுபிடிச்சது எண்டு ஒத்துக்கொள்ளுறன்” என்றாள். கொடுத்தேன்.

அவளுக்கு ஒரு தங்கை. கொழும்பில் படிக்க இடம் கிடைத்திருந்தது. தனியாக அனுப்ப அப்பா சம்மதிக்கவில்லை. மூத்தவள் வேலை நிரந்தரமாகி, ஒரு அறை எடுத்து இருந்தால் சின்னவளும் வரலாம் என்று சொல்லிவிட்டார். தர்ஷினி அறைகூடப் பார்த்து வைத்திருந்தாள். வெள்ளவத்தையில், ரயில் பாதைப் பக்கமாக ஜன்னல் உள்ள அறை. ஒரு நாள் போகிற ரயிலிலிருந்தே அந்த ஜன்னலைக் காட்டினாள். பச்சைத் திரை போட்டிருந்தது. “திரை மட்டும் மாத்தவேணும்” என்றாள்.

இரண்டாம் வாரக் கடைசியில் வதனி மிஸ் என் அனுபவக் கடிதத்தைத் தட்டச்சு செய்யும்படி தர்ஷினியிடம் கொடுத்தார். “வேலை முடியறதுக்கு முன்னாடியே எழுதுறதா?” என்று கேட்டேன். சேர் ஊரில் இருக்கும்போதே கையெழுத்து வாங்க வேண்டுமாம். திரும்பும் ரயிலில் தர்ஷினி அதை வாசித்துக் காட்டினாள். எல்லாம் வழக்கமான வரிகள். ஒரு வரி மட்டும் அவளாகச் சேர்த்தது. ‘கொடுக்கும் எந்த வேலையையும் தாமதிக்காமல் உடனுக்குடன் செய்து முடிப்பவர்.’

“இதுதான் உங்களுக்கு வேலை எடுத்துத் தரப்போற வரி” என்றாள். தாளின் அடியில் இடது மூலையில், தட்டச்சு செய்தவர் என்ற முறையில், அவள் பெயரின் இரண்டு எழுத்துகள் சின்னதாக இருந்தன.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. சேர் முந்தின நாளே வெளிநாடு கிளம்பியிருந்தார். என் கடிதம் உட்பட ஒரு கட்டுக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுத்தான் போனார். வதனி மிஸ்ஸுக்கு அன்று நிறுவனத்தின் ஏதோ ஒரு வழக்கு விஷயமாகப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கீழே ஆட்டோ நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தோளில் கைப்பை, காதில் கைபேசி. வக்கீலிடம் பேசிக்கொண்டே என்னைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கையில் வைத்தார்.

“தம்பி, இது தர்ஷினின்ர. நிரந்தரமாக்கேல்லை. ஆறுதலாக் குடுப்பம், என்ன? பிள்ளை பாவம்.”

போய்விட்டார்.

நான் உறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரயிலிலிருந்து அவள் காட்டிய பச்சைத் திரை நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்கக் கூடாது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இத்தனை நாள் கதிரை உடைந்த கடிதம் கொண்டுபோனவனிடம் முதல்முறையாக ஒரு பெரிய பொறுப்பைத் தந்திருக்கிறார்கள். மனம் நோகாமல், ஆறுதல் சொல்லிக் கொடுக்க வேண்டும். மனிதவளம் என்று மூன்று வருடம் படித்தது இதற்குத்தானே? நோட்டை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. ஆறுதல் எனக்குத் தெரிந்த சொல். தெரிந்த சொல்லுக்கு யார் அர்த்தம் கேட்பார்கள்?

தள்ளிப்போடவும் எனக்குத் தெரியாது. தர்ஷினியைக் கீழே இருந்த தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு பிளேன்டீ, இரண்டு மாலு பாண். என்னுடைய பதினோரு நேர்முகத் தேர்வுகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு கதவு மூடினால் எல்லாம் முடிந்துபோவதில்லை என்றேன். அவளைப் போன்ற திறமைசாலியை இழப்பது நிறுவனத்துக்குத்தான் நட்டம் என்றேன். பாடப்புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் சொல்லி முடித்து உறையை நீட்டினேன்.

அவள் ஒரு முறைதான் வாசித்தாள்.

“மிஸ்ஸோ குடுக்கச் சொன்னவ?”

“ஆமா, மிஸ்தான் சொன்னாங்க.”

“இண்டைக்கே?”

“ஆமா. வருத்தப்படாதீங்க தர்ஷினி.”

“இல்லை” என்றாள். பேனா கேட்டாள். கொடுத்தேன். இரண்டாவது பிரதியில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தாள். மாலு பாணைத் தொடவில்லை. மாடிப்படியில் நின்று அப்பாவோடு பேசினாள். பிறகு அந்தப் பச்சைத் திரை அறையின் சொந்தக்காரருக்கு ஒரு அழைப்பு. “வேண்டாம் அங்கிள், வேற ஆருக்கும் குடுங்கோ.” லாச்சியைக் காலி செய்தாள். மிச்ச லீவைக் கழித்துக்கொள்ளலாம் என்று கடிதத்திலேயே இருந்ததால், பகல் பன்னிரண்டு மணிக்குக் குடையையும் தேநீர்க் கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கையெழுத்திட்ட பிரதியைக் கோவையில் போட்டு, கோவையை அலுமாரியில் வைத்து, நன்றாகச் செய்தோம் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

வதனி மிஸ் மூன்று மணிக்கு வந்தார். “தர்ஷினி எங்க?”

“குடுத்துட்டேன் மிஸ். நல்லா ஆறுதல் சொல்லித்தான் குடுத்தேன். கையெழுத்தும் வாங்கிட்டேன்.”

அவர் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. அப்படியே கதிரையில் உட்கார்ந்தார்.

“எதைக் குடுத்தனீங்கள்?”

“நீங்கதானே மிஸ் ஆறுதலா குடுக்கணும்னு...”

“ஆறுதலா எண்டா அவசரமில்லாம தம்பி! பேந்து பாப்பம் எண்டு! டிஸ்பாட்சில இருக்கிற பிள்ளை அடுத்த மாசம் கனடா போகுது. அந்த இடத்துக்கு இவளைப் போடுவம் எண்டு சேர் வந்த உடன கதைக்க இருந்தனான். அதுவரைக்கும் இது லாச்சிக்குள்ள கிடக்கட்டும் எண்டுதான் உங்களிட்டத் தந்தனான்.”

வவுனியாக்காரரின் விசா அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளவே இல்லை. மெதுவாக வரும் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார். வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன்.

பிரதியைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். தர்ஷினிக்கு அவரே போன் செய்து பார்த்தார். சேர் முடிவை மாற்றினால் சொல்லுங்கள், வருகிறேன், ஆனால் கையெழுத்து வைத்ததை வைக்கவில்லை என்று சொல்லமாட்டேன் என்றாளாம். அதனால் கோவை அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை சேர் வந்தார். வதனி மிஸ் அவர் அறைக்குப் போவதற்கு முன் நானும் வருகிறேன் என்றேன். நான்தான் தவறாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்கிறேன் என்றேன்.

அவர் நின்று என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா உங்கட கடிதத்தைச் சேர் திருப்பி வாங்கிப் போடுவார். அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தனீங்கள். யோசியுங்கோ.”

யோசித்தேன். பதினோரு முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கதவு வரைக்கும் போன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். உள்ளே வதனி மிஸ் வாதாடுவது கேட்டது. அலுவலகத்தில் ஒரு குழப்பம் நடந்துவிட்டது என்றார், என் பெயரைச் சொல்லவில்லை. சேர் கோவையைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். திறந்து பார்த்தார். “கையெழுத்து வச்சிருக்கிறா. தேதியும் இருக்கு. பிறகென்ன குழப்பம்?” என்று மூடிவிட்டார். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்க இரண்டு நிமிடம் இருந்தது. எதையும் உடனே செய்கிறவனுக்கு அந்த இரண்டு நிமிடம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஊருக்குப் போகிறாள் என்று வதனி மிஸ் சொல்லியிருந்தார். வெள்ளவத்தை நிலையத்துக்குப் போனேன். ஒரு சூட்கேஸ், ஒரு துணிப்பை. பையின் வாயில் தேநீர்க் கோப்பை தெரிந்தது. கோட்டைக்குப் போய் அங்கிருந்து யாழ்ப்பாணம். ஞாயிறு என்பதால் மேடையில் கூட்டம் இல்லை. கடல் இரைந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லின் கதையையும் சொன்னேன், சேரின் அறைக்கதவருகே நின்றதையும் சொன்னேன். அவள் இடைமறிக்காமல் கேட்டாள். வதனி மிஸ் ஏற்கெனவே முதல் பாதியைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் பாதியைக் கேட்டபோதுதான் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள்.

“உங்கட ஊரில ஆறுதல் எண்டா என்ன?” என்று கேட்டாள்.

“ஒருத்தர் கஷ்டத்துல இருக்கும்போது, மனசு தேறச் சொல்றது.”

“அப்ப சொல்லுங்கோ.”

நான் வாயைத் திறந்தேன். தேநீர்க் கடையில் அத்தனை பேசியவனுக்கு ஒன்றுகூட வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன், ரயில் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது. சூட்கேஸை ஏற்றிக் கொடுத்தேன். “தங்கச்சி?” என்றேன். “அவள் வரேல்லை” என்றாள். ரயில் நகர்ந்தது. பச்சைத் திரை ஜன்னல் இருந்த பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாளா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

மிச்ச நாட்களை எண்ணிக் கழித்தேன். சொதி இறங்கவில்லை. லொட்ஜில் வவுனியாக்காரரின் வெள்ளைச் சட்டை இன்னும் கொடியில்தான் இருந்தது. கிளம்பும் நாளில் வதனி மிஸ் என் கடிதத்தை ஒரு புது உறையில் போட்டுத் தந்தார். வழக்கப்படி இரண்டாவது பிரதியில் நானும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். “சுகமாப் போட்டு வாங்கோ” என்றார். திட்டியிருக்கலாம், எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் பன்னிரண்டாவது நேர்முகத் தேர்வு. தூத்துக்குடியிலேயே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம். வழக்கமான கேள்விக்கு முதல்முறையாக உறையை நீட்டினேன். அந்த அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

“தாமதிக்காமல் உடனுக்குடன். குட். இந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்.” பிறகு தாளின் அடிப்பகுதியைப் பார்த்தார். “இது என்ன, மூலையில ரெண்டு எழுத்து?”

“டைப் பண்ணினவங்க பேரு சார்.”

“அவங்களும் அங்க வேலை பாக்கறவங்களா?”

“இல்லை சார்” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. தாளை மடித்து மேசையில் வைத்தார்.

“எப்ப சேர்ந்துக்கிறீங்க?”

“உடனே சார்” என்றேன்.